20 டெராபைட் டிஸ்க் செத்தால் மீள எத்தனை மணி நேரம்?



வீட்டு சர்வர் பற்றி எபிசோடில் பேசினதிலிருந்து ஒரே கேள்விதான் வெவ்வேறு வடிவத்துல வந்துக்கிட்டே இருக்கு: "20 டெராபைட் டிஸ்க் நாலோ ஆறோ வாங்கப் போறேன். ரெய்டு 5 போதுமா, 6 போடணுமா?" காதால் கேட்கும்போது கணக்கு மனசுல நிக்காது. அதனால் இந்த வாரம் எழுத்தில்.

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஞாபகம் வருகிறவர்களுக்காக ஒரு வரி: பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, அதில் ஒன்றோ இரண்டோ போனாலும் டேட்டா பிழைத்திருக்கும்படி செய்யும் ஏற்பாடு இது.

அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதில்: டிஸ்க் ஒவ்வொன்றும் 10 டெராபைட்டுக்கு மேல், எண்ணிக்கை நாலுக்கு மேல் என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பைப் போடுங்க. ஏன் என்று தெரிந்துகொள்ள நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

1988-ல் 100 விநாடி, இன்று 1,00,000 விநாடி

ரெய்டு என்ற பெயர் வந்தது 1988-ல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மெயின்ஃப்ரேமுக்கான ஒரு பெரிய, விலை அதிகமான டிஸ்க்குக்குப் பதிலாக, பர்சனல் கம்ப்யூட்டருக்கான மலிவு டிஸ்க்குகள் நிறைய வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. உடனே ஒரு சிக்கல். 100 டிஸ்க் சேர்த்தால், அவர்கள் கணக்குப்படி சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒரு டிஸ்க் போகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் கூடுதல் தகவல் சேர்த்து வைக்க வேண்டி வந்தது.

அந்தக் கூடுதல் தகவல்தான் பாரிட்டி. எளிமையாகச் சொன்னா: மூன்று டிஸ்க்கில் 7, 4, 9 என்று எண்கள் இருக்கு. நாலாவது டிஸ்க்கில் கூட்டுத்தொகை 20-ஐ எழுதி வைக்கிறோம். நடுவில் இருக்கும் 4 காணாமல் போனால், 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து அதைத் திரும்பப் பெறலாம். உண்மையில் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்-ஆர் என்ற பிட் கணக்கு நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இது ரெய்டு 5. கூட்டுத்தொகையோடு வேறு வகையான இன்னொரு சமன்பாட்டையும் எழுதி வைத்தால், தெரியாத எண் இரண்டு இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். அது ரெய்டு 6.

இதில் கவனிக்க வேண்டியது, போன ஒன்றைக் கண்டுபிடிக்க மிச்சம் இருக்கும் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். ஒரு டிஸ்க் செத்தால், உயிரோடு இருக்கும் அத்தனை டிஸ்க்கும் முதலிலிருந்து கடைசி வரை ஓட வேண்டும்.

அந்தக் கட்டுரையில் அவர்கள் எடுத்துக்கொண்ட சின்ன டிஸ்க் 100 மெகாபைட். வேகம் விநாடிக்கு 1 மெகாபைட். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட 100 விநாடி. இன்றைய 20 டெராபைட் டிஸ்க்கின் சராசரி வேகம் விநாடிக்கு 200 மெகாபைட் என்று வையுங்க. 1,00,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 28 மணி நேரம். கொள்ளளவு 2 லட்சம் மடங்கு கூடியிருக்கு, வேகம் 200 மடங்குதான். மீளும் நேரம் ஆயிரம் மடங்கு நீண்டுவிட்டது.

28 மணி என்பதும் வேறு யாரும் சர்வரைத் தொடாமல் இருந்தால்தான். வீட்டில் ஒருத்தர் படம் பார்த்துக்கிட்டு, ஃபோன்கள் போட்டோவை ஏற்றிக்கிட்டு இருந்தா இரண்டு மூன்று நாள் ஆகலாம். அத்தனை நேரமும் ரெய்டு 5-க்குக் கீழே வலை கிடையாது.

"ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துலயா போகும்?"

தனித்தனியாகப் போகும் என்று வைத்துக்கொண்டால் வாய்ப்பு குறைவுதான். ஆனா நாம டிஸ்க்குகளைத் தனித்தனியாக வாங்குவதில்லை. ஒரே கடை, ஒரே நாள், ஒரே தொகுப்பு, ஒரே பெட்டியில் ஒரே சூடு, ஒரே அதிர்வு.

இதற்கு உச்சபட்ச உதாரணம் 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் விட்ட எச்சரிக்கை. அதன் சில எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேர் பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். ஒரே நாளில் பவர் கொடுத்த டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போகும். எத்தனை பாரிட்டி வைத்தாலும் அங்கே பலிக்காது.

இந்த ஊர்ப் பக்கம் நடந்ததைப் பாருங்க. 2025 ஜனவரியில் ஜெர்மன் தொழில்நுட்ப ஊடகமான ஹைஸே ஒரு செய்தி வெளியிட்டது. புதுசு என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடினவை. வழக்கமான ஸ்மார்ட் கணக்கில் ஓடிய நேரம் அழிக்கப்பட்டிருந்தது. ஆனா டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருக்கு, அதில் உண்மை அப்படியே இருந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டித் தள்ளிவிட்ட டிஸ்க்குகள் என்பது பரவலான சந்தேகம். தாங்கள் அப்படி விநியோகிக்கவில்லை என்றது சீகேட். வாங்கியவர் நிலையை யோசியுங்க. ஆறு 'புது' டிஸ்க், ஆறுமே ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்தவை. சீகேட் டிஸ்க் வந்த அன்றே, ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வைத்து ஃபார்ம் பதிவைப் படித்துப் பாருங்க. இரண்டு எண்ணும் ஒத்துப்போகலைன்னா, ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க.

இன்னொரு பொறி எஸ்எம்ஆர். ஓட்டு வேய்ந்த கூரை மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை. ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பு போட்டு வைக்கும்போது தெரியாது. ரீபில்டின்போது வேகம் படுத்துவிடும். 2020 ஏப்ரலில், டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. நாஸ் பெட்டிக்கு என்றே விற்ற டிஸ்க்குகள் அவை. வாங்கும் முன் டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் என்று இருக்கா என்று பாருங்க.

ஆறு டிஸ்க், மூன்று வழி

20 டெராபைட் டிஸ்க் ஆறு இருக்கு என்று வைப்போம்.

ரெய்டு 5: 100 டெராபைட் கிடைக்கும். ஒரு டிஸ்க் போகலாம். மீள 5 டிஸ்க், அதாவது மொத்தம் 100 டெராபைட் படிக்கணும். இந்த வகை டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் தரும் உறுதி, 10-ன் அடுக்கு 15 பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழைக்கு மேல் இராது என்பது. அது 125 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நல்லாத்தான் நடந்துக்குது. "ரெய்டு 5 போட்டா கட்டாயம் அழியும்" என்பது மிகை. ஆனா விளிம்புக்கு இவ்வளவு பக்கத்தில் வீட்டைக் கட்ட வேண்டாம்.

ரெய்டு 6, இசட்எஃப்எஸ்-ல் ரெய்டு-இசட்2: 80 டெராபைட். எந்த இரண்டும் போகலாம். முதல் டிஸ்க் போய் ரீபில்ட் ஓடும்போது ஒரு டிஸ்க்கில் ஒரு இடம் படிக்க முடியலைன்னாலும், இரண்டாவது பாரிட்டி காப்பாற்றும். என் சிபாரிசு இதுதான். (80 டெராபைட் என்பது லினக்ஸ் கணக்கில் சுமார் 72.8 டெபிபைட்டாகத் தெரியும். யாரும் திருடலை, 1000-க்கும் 1024-க்கும் உள்ள வித்தியாசம்.)

ஜோடி ஜோடியாக மிரர்: 60 டெராபைட். ஜோடியில் ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து நேரடிப் பிரதி. மற்ற நாலு டிஸ்க் தொந்தரவு இல்லாமல் இருக்கும். ஆனா அந்த ஒரே துணையும் அதற்குள் போனால் மொத்த பூலும் போச்சு.

எந்த மென்பொருள்? லினக்ஸின் எம்டி ரெய்டு நம்பகமானது, ஆனா அதற்குக் கோப்பு எது, காலி இடம் எது என்று தெரியாது. டிஸ்க்கில் 3 டெராபைட் மட்டும் இருந்தாலும் 20-ஐயும் எழுதும். இசட்எஃப்எஸ் எழுதப்பட்டதை மட்டும் மீட்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருப்பதால், எது கெட்டது என்று கோப்பின் பெயரோடு சொல்லும். முன்பு ரெய்டு-இசட்டில் பிறகு ஒரு டிஸ்க் சேர்க்க முடியாது என்பது பெரிய குறை. 2025 ஜனவரியில் வந்த ஓபன்-இசட்எஃப்எஸ் 2.3 அதைத் தீர்த்தது. பிடிஆர்எஃப்எஸ்-ல் ரெய்டு 5, 6 மட்டும் வேண்டாம். அதை உருவாக்குபவர்களே அதை நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள்.

டேட்டா ஏற்றும் முன்

முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுசா எழுதிப் படித்துப் பாருங்க. பேட்பிளாக்ஸ் கருவியை வழக்கமான நாலு வடிவத்தோடு ஓட்டினால் எட்டு முறை டிஸ்க் முழுக்க ஓடும், 20 டெராபைட்டுக்கு ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஒரே வடிவம் போதும் என்றால் இரண்டரை நாளுக்குள் முடியும். பிளாக் அளவை 8192 என்று கொடுங்க. 4096 வைத்தால் 16 டெபிபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

இரண்டாவது, டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் தட்டின் வெளியே ஒட்டுங்க. பூலையும் சீரியல் நம்பர் உள்ள பெயரால் கட்டுங்க. ரீபூட்டுக்கு ரீபூட் மாறும் எழுத்துப் பெயர் வேண்டாம். ஒரு டிஸ்க் போயிருக்கும் பதற்றத்தில், நல்லா இருக்கும் டிஸ்க்கை உருவிவிடுவது மிகச் சுலபம்.

மூன்றாவது, பிழை மீட்பு நேரம். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட முயலும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். உயிரோடு இருக்கும் டிஸ்க் செத்ததாக வெளியே தள்ளப்படும். நாஸ் டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் கைவிட்டு, பிழை என்று சொல்லிவிடும். அப்புறம் பாரிட்டி பார்த்துக்கொள்ளும்.

நாலாவது, ஒத்திகை. பூலில் ஒரு டெராபைட் போல ஏற்றி, ஒரு டிஸ்க்கை உருவி, வேறொன்றைப் போட்டு மீட்டுப் பாருங்க. எச்சரிக்கை மெயில் வந்ததா? எத்தனை மணி ஆச்சு? இதற்குப் பதில் தெரியாத ரெய்டு, தீயணைப்புக் கருவியை வாங்கி சீல் பிரிக்காமல் வைத்த மாதிரி.

ஐந்தாவது, மாதம் ஒருமுறை ஸ்க்ரப். வருஷக்கணக்கில் யாரும் திறக்காத கோப்பில் ஒரு இடம் கெட்டிருந்தால், அது தெரியவருவது ரீபில்ட் ஓடும் நாளில்தான். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் ஸ்க்ரப். டெபியன் இதை மாதா மாதம் தானாக ஓட்டும்படிதான் வருகிறது. அணைத்து வைக்காதீங்க.

கரன்ட் விஷயம்

ஒரு வாட் ஒரு வருஷம் ஓடினால் 8.76 யூனிட். யூனிட் 35 சென்ட் என்றால் சுமார் 3 யூரோ. டிஸ்க் ஒன்றுக்கு 6 வாட், ஆறு டிஸ்க்குக்கு வருஷம் சுமார் 110 யூரோ. பழைய சின்ன டிஸ்க் பன்னிரண்டு வைப்பதைவிட பெரிய டிஸ்க் ஆறு மேல் என்பதற்கு இதுவும் காரணம்.

2025 செப்டம்பர் 9-ம் தேதி எங்கள் நொய்கெல்னுக்கு அடுத்த மாவட்டமான ட்ரெப்டோ-கோபெனிக்கில் மின்கம்பங்களுக்கு யாரோ தீ வைத்ததில் சுமார் 50,000 இணைப்புகள் இருண்டன. சில இடங்களில் இரண்டு நாளுக்கு மேல் கரன்ட் இல்லை. பேர்லினில் கரன்ட் போகாது என்று இனி சொல்ல முடியாது. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போனால், சாதாரண ரெய்டு 5, 6-ல் டேட்டா ஒன்றும் பாரிட்டி வேறொன்றுமாக நிற்கலாம். இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாததால் தப்பிக்கும். எதுவானாலும் சின்ன யுபிஎஸ் ஒன்று வையுங்க. அது இரண்டு நாள் தாங்க வேண்டாம். சர்வர் ஒழுங்காக அணைய ஐந்து நிமிஷம் கொடுத்தால் போதும்.

80 டெராபைட்டில் எது திரும்பக் கிடைக்காது?

ரெய்டு நமக்கு வாங்கித் தருவது நேரம். டிஸ்க் போனபோது பதறாமல் அடுத்ததை ஆர்டர் பண்ணி, மாட்டி, மீட்க நேரம். தவறுதலாக அழித்த ஃபோல்டர், ரான்சம்வேர், திருட்டு, தீ, மேல்வீட்டுக் குழாய் வெடிப்பு, இது எதையும் அது தடுக்காது. பேக்கப் வேறு.

80 டெராபைட்டுக்கு எங்கே போய் பேக்கப் எடுப்பது என்பீங்க. விடிஎஸ்எல் 100 இணைப்பில் அப்லோட் 40 மெகாபிட், விநாடிக்கு 5 மெகாபைட். 80 டெராபைட் ஏற்ற 185 நாள். ஆனா அதில் திரும்பக் கிடைக்காதது எவ்வளவு? படங்கள் எங்கும் கிடைக்கும். அம்மா அப்பா கல்யாண வீடியோ கேசட் கிடைக்காது. தாத்தா பேசின ஆடியோ கேசட் கிடைக்காது. கேசட்டை டிவி வடிவத்தில் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிகாபைட். மூன்று மணி நேரக் கல்யாணம் 40 ஜிகாபைட். இப்படி 25 கேசட், போட்டோ, ஆவணம் எல்லாம் சேர்த்தாலும் 2 டெராபைட்டுக்குள் அடங்கும். அதை ஏற்ற ஐந்து நாள் போதும். இல்லைன்னா ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் போட்டு வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாம். எங்கே வைத்தாலும் சரி, என்க்ரிப்ட் பண்ணி வையுங்க.

வேறு ஊர் என்பதற்கு பேர்லினிலேயே பழைய பாடம் உண்டு. பக்கத்து குரொய்ட்ஸ்பெர்க்கில், பெற்றோர் வீட்டு அறையில், கொன்ராட் சூசே 1938-ல் இசட் 1 என்ற கணிப்பொறியைக் கட்டி முடித்தார். போரில் விழுந்த குண்டுகளில் அதுவும் அதன் வரைபடங்களும் சேர்ந்தே அழிந்தன. 1980-களில் அவரே மறுபடி கட்டினது இன்று இந்த ஊர்த் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கு. அவருடைய இசட் 4 தப்பியது. காரணம், 1945-ல் அதை பேர்லினை விட்டு வெளியே கொண்டுபோனார்கள்.

அதனால் டிஸ்க் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து, அதன் அளவைப் பாருங்க. அதன் இரண்டாவது பிரதி எங்கே இருக்கப் போகுது என்று முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு என்று பேசலாம். சந்தேகம் இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. டிஸ்க் மாடல் நம்பரைக் குறிப்பிட மறக்காதீங்க.