சர்ப்பகந்தி வேரும் மனச்சோர்வும்

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த கிராமங்களில், நிலம் எடுக்கப்படுமோ, அதற்குரிய ஈடு போதுமோ என்னும் கவலை நெடுநாளையது. கவலையால் உறக்கம் கெட்டவர்க்குச் சர்ப்பகந்தி வேர் நல்லதென்பது நாட்டில் வழங்கும் பழைய எண்ணம். உறக்கம் வருதல் மெய்யே. எனினும் அவ்வேர் மூளையில் செய்யும் வேலையை அறியாமல் அதைத் தொடுதல் தகாது.

வடநாட்டில் இதைப் பைத்தியத்திற்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கினர். 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இதன் பயனை வெளியிட்டனர். 1949இல் பம்பாய் டாக்டர் வகீல் எழுதிய கட்டுரையால் மேனாட்டாரும் இதை அறிந்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் வேரினின்று ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

மூளையின் நரம்புகள் செரட்டோனின், டோபமின் முதலிய பொருள்களைச் சிறு பைகளில் சேமித்து, வேண்டும்போது வெளிவிட்டு ஒன்றோடொன்று பேசுகின்றன. ரெசர்பின் அப்பைகளில் சரக்குச் சேரவொட்டாமல் தடுக்கிறது. குதிரின் வாயை அடைத்துவிட்டால் அறுத்த நெல் களத்திலேயே கிடந்து மழைக்கும் எலிக்கும் இரையாவதுபோல, அப்பொருள்கள் அழிந்துபோகின்றன. 1955இல் அமெரிக்காவில் பிராடி என்பவரின் ஆய்வுக்கூடத்தார் முயல்களில் செரட்டோனின் இவ்வாறு குன்றுவதைக் கண்டனர். மருந்தை நிறுத்திய பின்னும் குதிர் நிரம்பப் பல நாட்கள் செல்லும்.

இரத்த அழுத்தத்திற்காக இதை உண்டவருட் சிலர் காரணமின்றி அழுது, உணவு வெறுத்து, உயிரையும் வெறுத்தனர். மனச்சோர்வுக்கு மூளையின் இரசாயனக் குறைவே காரணமாகலாம் என்னும் கொள்கை இதனாலும் வலுப்பெற்றது. ஆனால் 1955இலேயே லண்டன் வைத்தியர் இருவர், கவலையோடு கூடிய சோர்வுடையார் இதனால் தேறியதையும் கண்டனர். ஆதலின் அக்கொள்கை முழு உண்மையன்று. யாருக்கு இவ்வேர் ஆற்றும், யாரை அமிழ்த்தும் என்பதை வீட்டிலிருந்தே அறிய வழியில்லை.

ஆகவே நிலமிழந்தவரோ கடன்பட்டவரோ பேச்சொழிந்து, பசியும் உறக்கமுமின்றி இருப்பாராயின், கிராம உத்தியோகஸ்தர்கள் வேர்ப்பொடியை நம்பி நாட்கடத்தலாகாது. அரசினர் ஆஸ்பத்திரிக்கு அவரை உடனே அனுப்புக. 14416 என்னும் அரசு தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

மிராசுதார்கள் இச்செடியைப் பயிரிடுவதில் தடையில்லை, விரும்பத்தக்கதே. வேரோடு பிடுங்கப்பட்டுக் காட்டில் அருகியதால், 1990இல் இது பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்கு நீர் தேங்காத மண்ணும் சிறிது நிழலும் வேண்டும். விதை முளைப்பது குறைவாதலால் வேர்த்துண்டும் நடலாம். சத்து மிகுதியும் வேர்ப்பட்டையில் உள்ளது. அகழ்கையில் பட்டை உரியாமல் எடுத்தல் வேண்டும்.