தள்ளாடும் துளையிடும் எந்திரம்

வீட்டுப் பட்டறைக்கெனப் பழைய துளையிடும் எந்திரம் ஒன்றை வாங்குகிறோம். துருவைத் தேய்த்து, எண்ணெயிட்டு, புதிய பெல்ட்டும் மாட்டியாயிற்று. ஓடவிட்டால் டிரில்லின் நுனி வட்டமடிக்கிறது! துளை பெரிதாகும், மெல்லிய டிரில் ஒடிந்தும் போகும். பேரிங் தேய்ந்துவிட்டதென்று எந்திரத்தைக் கழித்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள்.

இத்தகைய எந்திரங்கள் பலவற்றில், டிரில்லைப் பிடிக்கும் சக் ஒரு கூம்புத் தண்டின் மூலம் சுழல்தண்டில் பொருந்துகிறது. இதற்கு மோர்ஸ் கூம்பு என்று பெயர். 20 மி.மீ. நீளத்துக்கு இதன் விட்டம் சுமார் 1 மி.மீ. மட்டுமே குறைகிறது. சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால் ஆப்புப்போல் இறுகி, உராய்வினாலேயே நிற்கிறது.

இடையில் ஓர் உலோகத் துகள் சிக்கினால் கூம்பு சாய்ந்துவிடும். 60 மி.மீ. நீளக் கூம்பின் கீழ்முனை 0.05 மி.மீ. ஒதுங்கினால், மேல்முனையிலிருந்து 240 மி.மீ. கீழேயுள்ள டிரில் நுனி 0.2 மி.மீ. ஒதுங்கும். பிழை நான்கு மடங்காகிறது!

எனவே முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். சுழல்தண்டின் பக்கத்திலுள்ள நீள்துளையில் ஆப்பைச் செருகித் தட்டினால் சக் கழன்று வரும். கூம்பையும் குழியையும் மண்ணெண்ணெயால் கழுவி, ஈரமின்றித் துடையுங்கள். பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் நீக்குங்கள். மீண்டும் பொருத்தி, நேரான கம்பியைச் சக்கில் பிடித்துக் கையால் சுழற்றிப் பாருங்கள். இன்னும் தள்ளாடுகிறதா? சுழல்தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் பேரிங்கை மாற்றலாம். ஆடாவிட்டால் சக்கைச் சோதியுங்கள்.