எழுதப்படாமற்போன சாட்சி

மருத்துவ ஆராய்ச்சியில் பொய்யெழுதுதல் குற்றமென்பதில் எவருக்கும் ஐயமில்லை. கண்டறிந்ததை எழுதாது விட்டுவிடுதலும் அதே அளவு தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதையோ நாம் எளிதில் உணர்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம்.

மாரடைப்புக்குப் பின் சிலருடைய இதயத்துடிப்பு ஒழுங்கு குலைகிறது. அத்தகையோர் மரிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, துடிப்பைச் சீராக்கும் மருந்து உயிரையும் காக்கும் என்று மருத்துவர் பலர் கருதினர். 1980ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் லார்கைனைடு என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற 48 பேரில் 9 பேர் மரித்தனர். போலி மருந்து பெற்ற 47 பேரில் மரித்தவர் ஒருவரே. ஆய்வாளர் இவ்வேறுபாட்டைத் தற்செயல் என எண்ணினர். வணிகக் காரணங்களால் அம்மருந்தை உருவாக்கும் முயற்சி கைவிடப்பட்டது. ஆய்வின் முடிவும் வெளியிடப்படவில்லை.

பின்னர், அதே வகையைச் சேர்ந்த என்கைனைடு, ஃபிளெகைனைடு என்னும் மருந்துகள் அமெரிக்காவில் புழக்கத்திற்கு வந்தன. அவற்றைச் சோதித்த பேராய்வொன்று 1989இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1991இல் வெளியான விவரப்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் மரித்திருந்தனர். துடிப்பைச் சீராக்கிய மருந்தே உயிரைப் பறித்தது. நாட்டிங்காம் முடிவு 1993இல்தான் அச்சேறியது. உரிய காலத்தில் வெளிவந்திருந்தால் அது முன்னெச்சரிக்கையாக அமைந்திருக்கலாம் என அவ்வாய்வாளரே நேர்மையுடன் ஒப்புக்கொண்டனர்.

இங்கே வஞ்சகர் எவருமிலர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. பயன் தராத மருந்தைப்பற்றி எழுத ஆய்வாளருக்கு ஆர்வமில்லை. அதனை அச்சிட இதழ்களுக்கும் விருப்பமில்லை. விளைவு யாது? மனச்சோர்வு மருந்துகள்பற்றி அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவான 74 ஆய்வுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சாதகமானவை என அத்துறை மதிப்பிட்ட 38 ஆய்வுகளில் 37 அச்சேறியிருந்தன. எஞ்சிய 36இல் உள்ளது உள்ளவாறே அச்சேறியவை மூன்று மட்டுமே. இதழ்களை மட்டும் படித்த மருத்துவர், அறியாமலேயே பாதி உண்மையை நம்பி மருந்து எழுதினர்.

தொடங்குமுன் பதிவு செய்யப்படாத சோதனைகளை ஏற்பதில்லை என முதன்மையான மருத்துவ இதழ்கள் 2004இல் நடைமுறை வகுத்தன. பாதகமான முடிவுகளும் வெளியிடப்படவேண்டுமென ஹெல்சிங்கிப் பிரகடனமும் வலியுறுத்துகிறது. எனினும், பதிவு செய்தல் வேறு, முடிவை அறிவித்தல் வேறு.

தன் உடலைச் சோதனைக்கு ஒப்புக்கொடுக்கும் நோயாளர், பிறருக்கு நன்மை உண்டாகும் என்று நம்பியே அவ்வாறு செய்கிறார். அவர் தந்தது ஆய்வாளரின் சொத்தன்று; அவரிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருள். மருத்துவமனைப் படுக்கையருகே நம் சபையார் ஒருவர், "ஐயா, இச்சோதனைக்கு நான் சம்மதிக்கலாமா?" என்று வினவக்கூடும். அப்பொழுது, "முடிவு எதுவாயினும் வெளியிடுவீர்களா?" என்று மருத்துவரைக் கேட்கும்படி அவருக்கு நாம் துணிவு அளிக்கவேண்டும்.