சென்னை தினத்துக்கு உங்க வாண்டு யாரைப் பற்றிப் பேசப் போகுது?

உங்க வீட்டு வாண்டுகிட்டே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். ‘நம்ம தெருவிலே உனக்கு ரொம்பப் பிடிச்ச பெரியவங்க யாரு?’ கிரிக்கெட் வீரர்கள் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளை, இதுக்கு மட்டும் திருதிருன்னு முழிக்கும். தினமும் பால் பாக்கெட் போடுகிறவர் பெயர்கூடத் தெரியாது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? நமக்கே தெரியாதே!

சென்னையில் ஆகஸ்ட் மாதம் பிறந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வேலை வந்துவிடும். 1639-ம் வருஷம் ஆகஸ்ட் 22-ம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கடலோரமாக ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுத்தார்கள். அதைத்தான் ஊருக்குப் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். (ஜூலை 22தான் சரி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்!) 2004-ல் வரலாற்று எழுத்தாளர் எஸ்.முத்தையாவும் அவருடைய பத்திரிகையாள நண்பர்களும் சின்னதாக ஆரம்பித்த ‘மெட்ராஸ் டே’, அப்புறம் ஒரு வார விழாவாக வளர்ந்தது. தெருத் தெருவாகக் கூட்டிப் போய்க் காட்டுவது, பழைய படக் கண்காட்சி, பேச்சு என்று பேட்டைக்குப் பேட்டை நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தங்கள் பகுதியைப் பற்றி சார்ட் எழுதி, எல்லார் முன்னாலும் நின்று பேசுவார்கள்.

நாம் நுழைந்து காரியத்தைக் கெடுப்பது இங்கேதான். ராத்திரி பத்து மணிக்கு பிரிண்ட் அவுட் எடுக்க ஓடுவோம். அம்மா எழுத, அப்பா ஒட்ட, பிள்ளை சோபாவிலேயே தூங்கிவிடும். மறுநாள் வகுப்பில் பார்த்தால் எல்லா சார்ட்டிலும் அதே ரிப்பன் மாளிகை!

இந்த வருஷம் அதை விட்டுவிடுங்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரு ஆள், அல்லது ஒரு கடை. அது போதும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம்! கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை இருக்கிறது. 1885-ல் ஆரம்பித்த நாட்டு மருந்துக் கடை. சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடைத்து வைத்திருந்ததாலே வந்த பெயர். தீபாவளி லேகியத்துக்கும் பிரசவ மருந்துக்கும் பாட்டிமார்கள் தேடிப்போகிற இடம். பிள்ளையை அங்கே நிறுத்தி, சுக்கு எது, சித்தரத்தை எது, அதிமதுரம் எது என்று மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வசம்புக்கு ‘பேர் சொல்லாதது’ என்று இன்னொரு பேர் உண்டு என்றால், எந்தப் பிள்ளைதான் ‘ஏன்?’ என்று கேட்காமல் இருக்கும்? (கைக்குழந்தைக்கு வசம்பை உள்ளுக்குக் கொடுப்பது வேண்டாம் என்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். சார்ட்டிலே அதையும் ஒரு வரி எழுதட்டுமே.)

எங்க பேட்டையிலே அப்படி என்ன இருக்கு என்கிறீர்களா? வியாசர்பாடியைப் பாருங்கள். டாக்டர் திருவேங்கடம் 1973-ல் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பிறகு அது ஐந்து ரூபாய் ஆனது, அவ்வளவுதான். வடசென்னை முழுக்க ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்றே பெயர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தான் காசு செலவழிக்காமல் படித்ததையும், அதற்கு வழி செய்த காமராஜரையும் அவர் மறக்கவில்லை. ராயபுரம் பக்கம் டாக்டர் ஜெயச்சந்திரனும் இதே மாதிரிதான். இவர்கள் பெரிய விருந்தாளிகளாக எங்கோ மேடையில் உட்கார்ந்திருக்கவில்லை. சாயங்காலம் ஜுரம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தூரத்தில் இருந்தார்கள். ஜெயச்சந்திரன் 2018-ல் போய்விட்டார், திருவேங்கடம் 2020 ஆகஸ்டில். ‘ஏன் டாக்டர் அஞ்சு ரூபா மட்டும் வாங்கறீங்க?’ என்று அந்தப் பேட்டைப் பிள்ளைகள் நேரில் கேட்க இனி முடியாது. பத்திரிகையில் வந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனாலேதான் சொல்கிறேன், ஆள் இருக்கும்போதே போகணும்.

பிரபலமாக இருக்கணும் என்று அவசியமே இல்லை. நாற்பது வருஷமாக ஒரே மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர், உங்க வீட்டு மாமியாருக்கு பிரஷர் மாத்திரையைக் கடனுக்குக் கொடுக்கிற மருந்துக் கடைக்காரர், பிரசவ வார்டிலிருந்து ரிட்டயர் ஆன நர்ஸம்மா. இவங்க எல்லாரும் பேசத் தயாராகத்தான் இருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை! பழைய நினைவுகளைப் பேச வைப்பதை முதியோர் மருத்துவத்தில் ஒரு சிகிச்சை முறையாகவே வைத்திருக்கிறார்கள். வயசான ஒருத்தரிடம் பத்து வயசுப் பிள்ளை நோட்டும் கையுமாக உட்கார்ந்து ‘அப்புறம் தாத்தா?’ என்று கேட்டால், அவர் முகத்தில் வருகிற தெளிவை நீங்களே பார்ப்பீர்கள். புது ஆட்களைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைக்கும் இது நல்ல பயிற்சி.

போவதற்கு முன்னால் நீங்கள் போய் அனுமதி கேட்டுவிடுங்கள். கடைக்காரரைக் காலை வியாபார நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம். கண்ணில் படுகிற தூரத்தில் நில்லுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள்! கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுத்தால், பிள்ளை அதை ஒப்பித்துவிட்டு ஓடிவரும். ‘முதல் நாள் எவ்வளவு சம்பாதிச்சீங்க?’, ‘எப்பவாவது கடையை மூடிடலாம்னு தோணிச்சா?’ இந்த மாதிரிக் கேள்விகள் பிள்ளைகளுக்குத் தானாகவே வரும். நாம் கேட்கக் கூச்சப்படுவதை அதுங்க சாதாரணமாகக் கேட்டுவிடும். சார்ட்டில் அவருடைய போன் நம்பரையோ வீட்டு விலாசத்தையோ எழுத விடாதீர்கள். போட்டோ எடுத்தால் அதற்கும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வெளியே இருக்கிறவர்கள் ஏங்க வேண்டாம். கோவையில் கோவை விழா இருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி வெறும் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, உங்க ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சார்ட் என்ன, ஒரு நோட்டுப் புத்தகமே நிரப்பும். விழாவே இல்லாத ஊரா? ஸ்கூல் ஆண்டு விழாவிலே அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸைக் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். விழா நாளில் அந்தப் பெரியவரையும் கூப்பிடுங்கள். இஸ்திரிக்காரருக்கு மாலைக்கு முன்னால் கூலி போய்விடுமே என்ற கவலை இருக்கும். அதனால் ஞாயிறாகப் பார்த்து, போக வர ஆட்டோவுக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். மேடையேற மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். முன்வரிசையில் ஒரு நாற்காலி போதும். முடிந்ததும் சார்ட்டைச் சுருட்டிப் பரண்மேல் போடாதீர்கள். பிள்ளை கையாலேயே அவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கடைச் சுவரிலே சாமி படத்துக்குப் பக்கத்திலே அவரே ஓர் ஆணி அடித்து மாட்டிக்கொள்வார்.