மார்கழி அவரை சித்திரை வரை

மார்கழி பிறந்துவிட்டால் குறிஞ்சிப்பாடியில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடக்க முடியாது. ஆடியில் ஊன்றிய விதைகள், பனி இறங்கியதும் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். பகற்பொழுது குறுகும்போது பூப்பது நாட்டு அவரையின் இயல்பு. அதனால் ஊரில் உள்ள எல்லாப் பந்தல்களும் ஒரே நேரத்தில் காய்க்கின்றன. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டிலும் அதே அவரை. சந்தைக்குக் கொண்டுபோகும் சிறு விவசாயிக்குப் பறிப்புக் கூலி மிஞ்சினாலே பெரிது. சித்திரையிலோ அதே காயைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இந்த நான்கு மாத இடைவெளியைக் கடக்க என் தாயார் கையாண்ட வழி வற்றல். என் தலைமுறைக்கு வாய்த்தது குளிர்சாதனப் பெட்டி. சில ஆண்டுகளுக்கு முன், மிஞ்சிய அவரையைக் கழுவி, நறுக்கி, நெகிழிப் பையில் கட்டி உறைபெட்டிக்குள் அடுக்கினேன். பங்குனியில் எடுத்துச் சமைத்தபோது காயில் வைக்கோல் வாடை வீசியது. நிறம் மங்கி, நார்போல் சவசவத்தது. தட்டைத் தள்ளிவைத்த என்னிடம் தாயார் கேட்டது ஒரே கேள்விதான்: 'ஒரு கொதி விட்டு வைத்தாயா?'

நான் விடவில்லை. உறைய வைக்கும் காய்க்கு எதற்குக் கொதி என்று எண்ணியிருந்தேன். ஆனால், உறைபதனத்தின் அடிப்படைப் பாடமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பறித்த பின்னரும் காய் உயிருள்ள பொருளே. அதிலுள்ள நொதிகள் ஓயாமல் வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் சத்தையும் சிறுகச் சிறுக மாற்றுகின்றன. குளிர் இந்த வேலையின் வேகத்தைக் குறைக்குமே தவிர, முற்றாக நிறுத்தாது. கொதிநீரின் வெப்பம்தான் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். கொத்தவரங்காயையும் அவரையையும் உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, வெயிலில் காயவைத்த நம் பாட்டிமார்களுக்கு நொதி என்ற சொல் தெரியாது. ஆனால், பச்சையாகக் காயவைத்தால் வற்றல் கெட்டுவிடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, கனடாவின் கடும்பனிப் பகுதியான லாப்ரடாரில் தங்கியிருந்தபோது, பிடித்த உடனே உறைந்துபோன மீன் பல மாதங்கள் கழித்தும் சுவை குன்றாமல் இருந்ததைக் கண்டார். விரைந்து உறைந்ததே அதற்குக் காரணம் என்று உணர்ந்து, விரைவு உறைபதன இயந்திரத்தை உருவாக்கினார். 1930-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உறைபதன உணவுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. காயில் பெரும்பகுதி நீர். அது மெதுவாக உறைந்தால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி, காயின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கும், காயும் குழையாது.

என் தவறுகள் இரண்டும் இப்போது விளங்கின. கொதி விடாதது முதல் தவறு. பெரிய பையில் திணித்து மெதுவாக உறையவிட்டது இரண்டாவது.

இப்போது நான் செய்யும் முறை இதுதான். விதை முற்றாத பிஞ்சுக் காயைக் காலையில் பறித்து, அன்றே பதப்படுத்துகிறேன். நார் உரித்து நறுக்கிய அரை கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர். காயைப் போட்டு, நீர் மீண்டும் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம். உடனே வடித்து, பனிக்கட்டி போட்ட நீரில் அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். இல்லையேல் காய் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, அதன் பின்னரே ஒருவேளைச் சமையலுக்கான சிறு பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டுகிறேன். பையின் மேல் தேதி எழுதுவது அவசியம். உறைபெட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருந்தால் எட்டு மாதங்களுக்குமேல் சுவை நிற்கும். சமைக்கும்போது உருகவிடாமல் நேரே கொதிக்கும் குழம்பில் போடலாம். கொத்தவரைக்கும் பச்சைக் காராமணிக்கும் இதே முறைதான்.

கொதி விடும்போது நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் ஓரளவு போகும் என்பது உண்மையே. ஆயினும், கொதி விடாமல் மாதக்கணக்கில் வைத்தால் ஏற்படும் இழப்பு அதைவிட அதிகம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. உறைபதனம் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. உருகிய காயில் அவை விழித்துக்கொள்ளும்.

எனவே, இந்த முறை முழுக்க மின்சாரத்தை நம்பியிருக்கிறது. நெய்வேலி அனல்மின் நிலையம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனாலும், 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கிராமங்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. அது மார்கழி மாதம். அவரை காய்க்கும் காலம். 2015 பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைப் பெரிதும் வதைத்தது. எங்கள் புயல் காலமும் காய்கறி மிகும் காலமும் அடுத்தடுத்து வருபவை.

நிரம்பிய உறைபெட்டி, திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைத் தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஒரு குவளை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டால், மின்தடையின்போது என்ன நடந்தது என்பதை அதுவே சொல்லும். நாணயம் அடியில் கிடந்தால், உள்ளே இருந்தவை உருகி மறுபடி உறைந்தவை என்று பொருள். அவற்றை உண்ணலாகாது.

ஆகவேதான், உறைபதனம் வந்துவிட்டது என்று வற்றலைக் கைவிடலாகாது என்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது பாதி உறைபெட்டிக்கும் பாதி மொட்டைமாடி வெயிலுக்கும் போகிறது. வற்றலுக்கு மின்சாரம் வேண்டாம். உறைந்த காய்க்கு வெயில் வேண்டாம். பனியும் மேகமும் சூழ்ந்த நாளில் ஒன்று கைகொடுக்கும். புயல் நாளில் மற்றொன்று.

வீட்டளவில் முடிகிற இந்த வேலையை ஊரளவில் செய்வது கடினமன்று. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு பொது உறைபெட்டி, அதற்குச் சூரிய மின்தகடு, வற்றல் போட ஒரு சூரிய உலர்த்தி, ஒருநாள் பயிற்சி ஆகியவை கிடைத்தால், விலை வீழும் வாரத்தில் வரப்பில் கொட்டப்படும் காய், கோடையில் அந்தக் குடும்பங்களுக்கே வருவாயாகும்.

எங்கள் வட்டத்தைச் சேர்ந்த வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியைப் போக்குவதையே அறமாகக் கொண்ட மண்ணில், விளைந்த காய் வீணாவதை இயல்பென்று விட்டுவிடக் கூடாது. இந்த மார்கழியில் உங்கள் பந்தலிலும் அவரை மிஞ்சினால், முதலில் ஒரு கொதி விடுங்கள்.