கோழிக் கண்காட்சியில் குமாஸ்தாவின் வேலை

திண்டுக்கல் பக்கத்தில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி நடப்பதை நேயர்கள் அறிவர். அங்கெல்லாம் எல்லோர் கண்ணும் நடுவர் மேல்தான் இருக்கும். நடுவரின் பின்னால் தாளும் பென்சிலுமாக நடக்கும் குமாஸ்தாவை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தீர்ப்பு தாளில் சரியாக ஏறினால்தான் பரிசு உரிய கூண்டுக்குப் போய்ச் சேரும். இந்த வேலை நன்கு முறைப்படுத்தப்பட்டுள்ள அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

1849 நவம்பரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அக்காலத்தில் எது நல்ல கோழி என்பதற்குப் பொது அளவு கிடையாது. இக்குறையைப் போக்க 1873இல் பஃபலோ நகரில் அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் தோன்றி, மறு ஆண்டே இலட்சண நூல் ஒன்றை வெளியிட்டது. திருத்தங்களுடன் இன்றும் அதுவே நடுவருக்குச் சட்டம். உதாரணமாக, பிளைமத் ராக் சேவலின் எடை 9½ பவுண்டு, அதாவது சுமார் 4.3 கிலோ, பெட்டைக்கு 7½ பவுண்டு.

ஒரே இனத்தில் சேவல், பெட்டை, ஓராண்டு நிரம்பாத இளஞ்சேவல், இளம்பெட்டை என்று நான்கு பிரிவுகள் உண்டு. நடுவர் கோழியைக் கையில் எடுத்து, சிறகை விரித்து, கொண்டையையும் காலையும் பார்க்கிறார். ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் முள் முளைத்திருந்தாலும், மயிரில்லாக் கால் கொண்ட இனத்தின் காலில் இறகுக் குருத்து தென்பட்டாலும் கோழி தள்ளுபடியாகும்.

நடுவர் சொல்லச் சொல்ல, குமாஸ்தா கூண்டு எண்ணையும் இடத்தையும் எழுத வேண்டும். தள்ளுபடி என்றால் காரணத்தையும் குறிக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் வளர்த்தவர் அடுத்த ஆண்டும் அதே குறையுள்ள கோழியைத்தான் கொண்டு வருவார். பெரிய கண்காட்சியில் தாளுக்கு ஒருவர், கூண்டு அட்டைக்கு ஒருவர் என்று இருவர் இருப்பது நல்லது. ஒரு பிரிவு முடிந்ததும் எண்களை நடுவருக்குத் திரும்பப் படித்துக் காட்டுவது அவசியம். 214 என்பது 241 ஆகிவிட்டால், பரிசுச் சேவல் என்று நம்பி ஒருவர் வேறு சேவலை விலைக்கு வாங்கி, ஒரு பருவம் முழுதும் அதில் குஞ்சு எடுத்துவிடுவார். பரிசுப் பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம், போன பருவத்தை என்ன செய்வது?

இளஞ்சேவல் கூண்டில் முதிர்ந்த சேவல் நின்றால், குமாஸ்தா அதை மெதுவாக நடுவரிடம் தெரிவிக்கலாம். ஆனால் இன்னார் கோழி இது என்று வாய் திறக்கக் கூடாது. கேட்காமல் அபிப்பிராயம் சொல்வதும் கூடாது. தன் கோழியும் போட்டியில் இருந்தால் அந்தப் பிரிவுக்கு வேறொருவரை எழுதச் சொல்லி விலகிக்கொள்வதே முறை. பார்க்க வந்தவர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு பேச்சுக் கொடுக்காமல் தடுப்பதும் இவர் பொறுப்பே. சொல்லப்போனால் இதுதான் கடினமான வேலை!

எல்லாம் முடிந்து நடுவர் கையெழுத்திட்ட பிறகே தாள் அலுவலக மேசைக்குப் போகிறது. அங்கே நடுவராக உரிமம் பெற விரும்புவோர், தேர்வு எழுதுவதோடு, உரிமம் பெற்ற நடுவர்களுக்குக் குமாஸ்தாவாகவும் இருந்து பழக வேண்டும்.