சர்வர் நின்றதை முதலில் அறிவது யார்?

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஆத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் குச்சிக்கிழங்குக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றவை. சேலம் ஜவ்வரிசி 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இந்தத் தொழிலுக்கு ஒரு தனி அவசரம் உண்டு: பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களிலேயே உள்ளே கறுத்துக் கெடத் தொடங்குவதால், லோடு வந்ததும் எடைமேடையில் ஏற்றி, மாவுச்சத்தின் அளவைப் 'பாயின்ட்' கணக்கில் சோதித்து, விலை போட்டு, அரவைக்கு இறக்கிவிட வேண்டும். எடை, பாயின்ட், தொகை ஆகியவற்றைப் பதிவு செய்து விவசாயியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் இணையச் செயலி ஒன்றை ஓர் ஆலை அமைத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், அந்தச் செயலி அரை மணி நேரம் நின்றாலே வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். தலைவாசல் காய்கறிச் சந்தையின் வியாபாரிக்கும், நாமக்கல்லில் லாரிகளின் நடமாட்டத்தைக் கவனிக்கும் புக்கிங் அலுவலகத்துக்கும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

இணையச் செயலி என்பது முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் காட்டும் இணையதளத்திலிருந்து வேறுபட்டது. அது ஒவ்வொரு கோரிக்கைக்கும் கணக்கிட்டு, தரவுத்தளத்தில் எழுதி, பதிலைத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேலையை இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும் கணினியே சர்வர். அதற்கு மின்சாரமும் இணைப்பும் குளிர்ச்சியும் தந்து வாடகைக்கு விடும் தொழில் ஹோஸ்டிங். ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் நின்று பழகிய எவருக்கும் 'சர்வர் டவுன்' என்ற சொல் புதிதன்று. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கியுள்ளன. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதைச் சென்றடையும் வழி மட்டும் அடைபட்டிருந்தாலும் வாடிக்கையாளர் காதில் விழுவது அதே சொல்தான். எந்தக் கோளாறு எங்கே நேரும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதே ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை. மாத வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஹோஸ்டிங் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை முன்வைக்கின்றன. 99.9 சதவீதம் இயங்கும் என்பது கேட்பதற்கு முழுமை போலத் தோன்றினாலும், 30 நாள் மாதத்தில் 43 நிமிடங்களும் ஆண்டில் ஏறக்குறைய 8 மணி 46 நிமிடங்களும் நிற்கலாம் என்பதே அதன் பொருள். 99.99 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 53 நிமிடங்களுக்கும் குறைவு. இந்தக் கணக்கு ஒரு கணினிக்கு மட்டும் உரியது. செயலி ஒன்று பெயர்ச் சேவை, சர்வர், தரவுத்தளம், பணம் செலுத்தும் வாயில், குறுஞ்செய்திச் சேவை என ஐந்தை நம்பியிருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 சதவீதம் இயங்குமானால், ஐந்தும் ஒருசேர இயங்கும் வாய்ப்பு 99.5 சதவீதமாகக் குறைந்து, மாதத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏதேனும் ஒன்று படுத்திருக்கும். மேலும் அந்த மூன்றரை மணி நேரம் ஆளில்லாத நள்ளிரவில் வருமா, அரவைப் பருவத்தின் காலை வேளையில் வருமா என்பதை எந்தச் சதவீதமும் சொல்வதில்லை.

வாக்குறுதி தவறினால் கிடைக்கும் இழப்பீட்டையும் படித்துப் பார்ப்பது நல்லது. அமேசான், இணையம் வழி வாடகைக்கு விடும் தனது கிளவுட் கணினிகளுக்கு, ஒரு வட்டாரத்திலுள்ள டேட்டா சென்டர்களின் தொகுப்பான மண்டலத்தின் அளவில் தரும் ஒப்பந்தத்தின்படி, மாத இயக்கம் 99.99 சதவீதத்துக்குக் கீழே போய் 99-க்குக் குறையாமல் இருந்தால் கட்டணத்தில் 10 சதவீதமும், 99-க்குக் கீழே 95 வரை 30 சதவீதமும், அதற்கும் கீழே போனால் முழுக் கட்டணமும் வரவு வைக்கப்படும். ஒரு சதவீதம் என்பது மாதத்தில் 7 மணி 12 நிமிடம். ஆகவே ஒரு வேலைநாளின் பெரும்பகுதி நின்றுபோனாலும், 1,000 ரூபாய் வாடகை கட்டுபவருக்கு, அவரே விண்ணப்பித்துக் கேட்டால், அடுத்த பில்லில் 100 ரூபாய் கழியும். கெட்டுப்போன கிழங்குக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. எனவே எடைமேடையில் வரிசை எண் அச்சிட்ட சீட்டுப் புத்தகம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பதும், பின்னர் அந்தச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது சீட்டிலுள்ள நேரத்தையே பதிவு நேரமாக ஏற்கும்படி செயலியை எழுதச் சொல்வதும் எந்த இழப்பீட்டைவிடவும் பயன் தரும்.

கணினிக்கு ஒரு குறையும் இல்லாமல் செயலி மறைந்துபோகும் விந்தைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, நெட்வொர்க் கருவிகளை மேற்பார்வையிடும் மென்பொருளால் வளர்ந்து, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், மற்றவர்களுடைய இணையதளங்கள் நின்றால் எச்சரிக்கும் சேவையையும் விற்று வருகிறது. 2018 செப்டம்பர் 24 அன்று அதன் முதன்மை இணையப் பெயரையே, அதைப் பதிவு செய்து பராமரித்துவந்த அமெரிக்கப் பதிவாளர் நிறுவனம் முடக்கியது. ஸோஹோவின் மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தியதாக வந்த புகார்களே காரணமாகக் கூறப்பட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, தரவுகளும் பத்திரமாக இருந்தன, ஆனால் உலகெங்கும் அந்த மென்பொருளை நம்பியிருந்த வாடிக்கையாளர்களுக்கு அது இல்லாமல் போயிற்று. நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு, பதிவாளர் நிறுவனத்தின் உயர் அலுவலர்களை எட்ட உதவுமாறு ட்விட்டரில் பொதுமக்களிடமே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள டிஎன்எஸ் என்ற பெயர்ச் சேவை ஏற்பாட்டை அறிய வேண்டும். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்கள் பெயரைத் தட்டுகிறார்கள். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் உலகளாவிய பதிவேடே டிஎன்எஸ். பதிவாளர் அந்தப் பெயரை முடக்கினால் எண்ணைச் சொல்வதற்கு ஆளில்லை. இந்தப் பதிவேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: இணையச் சேவை நிறுவனங்கள் தாம் கடைசியாகப் பெற்ற விடையைச் சிறிது காலம் சேமித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்வதால், பெயர் மீட்கப்பட்ட பின்னும் எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் அது உயிர் பெறுவதில்லை. ஓர் ஊரில் திறக்கும் பக்கம் இன்னோர் ஊரில் திறக்காது. இருவரும் தத்தம் கைபேசியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சிறிய ஊர்களில் இதே விபத்து வேறு வடிவில், சத்தமில்லாமல் நடக்கிறது. இணையதளத்தை வடிவமைத்துத் தரும் இளைஞர் தம்முடைய கணக்கிலேயே, தம்முடைய மின்னஞ்சலிலேயே இணையப் பெயரான டொமைனைப் பதிவு செய்துவிடுகிறார். இரண்டு ஆண்டுகளில் அவர் பெங்களூருவில் வேலைக்குப் போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எவரும் திறக்காத பெட்டியில் சேர்கின்றன. டொமைன் உரிமையாளரின் பெயரில் இருக்க வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனைச் சாராததாக இருக்க வேண்டும், ஏனெனில் பெயர் போகும்போது அதன் கீழுள்ள மின்னஞ்சலும் சேர்ந்தே போகும்.

ஹோஸ்டிங் வகைகளைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை. ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களை அடைத்து வைக்கும் பகிர்வு ஹோஸ்டிங் மலிவானது. ஆனால் உடனுள்ள ஒரு தளத்துக்குக் கூட்டம் வந்தால் மற்றவையும் தள்ளாடும். ஒரு கணினியைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் உறுதியான பங்கு தரும் விபிஎஸ், ஆலைக் கணக்கு போன்ற செயலிக்குப் பெரும்பாலும் போதுமானது. தேவைக்கேற்பக் கணினிகளைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் கிளவுட், அதைக் கையாளத் தெரிந்த ஆள் இருந்தால்தான் சிக்கனம். இல்லையேல் பில்தான் வளரும். அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாதிலும் மண்டலங்களைத் திறந்துள்ளது. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் மண்டலம் உண்டு. எனவே ஆத்தூரின் எடைப் பதிவு அமெரிக்கா சென்று திரும்ப வேண்டிய தேவை இன்று இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பி, மனிதர் எவரேனும் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது, விளம்பரத்திலுள்ள நட்சத்திரங்களைவிட நம்பத்தக்க சோதனை.

சர்வர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வி வேகத்தோடு முடிவதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. தனியாகக் கட்டணம் செலுத்திப் பேக்கப், அதாவது தரவுகளின் நகல், எடுத்து வந்த சில வாடிக்கையாளர்களும் அனைத்தையும் இழந்தார்கள். அந்த நகலும் அதே இடத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. இரட்டை ஏற்பாடு இருப்பதும் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையும் கண்டது. காலை 11.40-க்கு வணிகம் நின்று, பிற்பகல் 3.45-க்கே மீண்டது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து இணைப்புகள் பெற்றிருந்தும், வழியில் நடந்த தோண்டும் பணிகளால் இரண்டுமே பாதிக்கப்பட்டதாகச் சந்தை விளக்கம் தந்தது. சாலை விரிவாக்கம் ஓயாத தமிழ்நாட்டு ஊர்களுக்கு இந்த விளக்கம் வியப்பளிக்காது. அலுவலகத்துக்கு இரண்டு இணைப்பு வாங்கும்போது, இரண்டாவது கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேபிளும் சிம் வழி இணைப்புமாகக் கலந்து வைத்துக்கொள்வது மேல்.

இவ்வளவு முன்னேற்பாட்டுக்குப் பின்னும் சர்வர் நிற்கும். அப்போது அதை உரிமையாளருக்குச் சொல்வது யார் என்பதே கண்காணிப்பின் கேள்வி. பெரும்பாலான இடங்களில் வாடிக்கையாளரே சொல்கிறார். அதாவது பத்துப் பேர் முயன்று சலித்துப்போன பிறகு பதினோராவது ஆள் போன் செய்கிறார். கண்காணிப்புச் சேவை என்பது வெளியிலுள்ள ஒரு கணினி நிமிடத்துக்கு ஒரு முறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையோ செயலியைத் திறந்து பார்த்து, பதில் வராவிட்டால் உரியவரை எழுப்பும் ஏற்பாடு. 'வெளியிலுள்ள' என்பதே இங்கு முக்கியம். காவல்காரரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் தீப்பற்றியதை அவரால் ஊருக்குச் சொல்ல இயலாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, ஊழியர் ஒருவர் தவறாக உள்ளிட்ட ஒரு கட்டளையால் சில மணி நேரம் முடங்கியபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் அறிவிப்புப் பக்கமும் அதே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால் அதைத் திருத்த முடியாமல், நிறுவனம் ட்விட்டரில் செய்தி சொல்ல நேர்ந்தது. செயலி ஓடும் அதே சர்வரில் கண்காணிப்பு மென்பொருளையும் நிறுவிவிட்டு நிம்மதியாக இருப்பது இதன் சிறிய நகல்.

பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண்ணைப் பதிலாகத் தருகிறது. 200 என்றால் நலம், 500-இல் தொடங்குபவை கோளாறு. ஆனால் 'தரவுத்தளத்தை அணுக முடியவில்லை' என்ற வாசகத்தையே 200 என்ற எண்ணோடு அனுப்பும் செயலிகள் ஏராளம். அன்றாடம் நிகழும் ஒரு கோளாற்றை எடுத்துக்கொள்ளலாம்: இரவுதோறும் எடுக்கும் பேக்கப் கோப்புகள் அதே கணினியில் குவிந்து ஒரு நாள் டிஸ்க் நிரம்பிவிடுகிறது, முகப்புப் பக்கம் வழக்கம்போல் வருகிறது, உள்நுழையவும் முடிகிறது, எடையை அடித்து 'சேமி' பொத்தானை அழுத்தினால் மட்டும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது, ஏனெனில் எழுதுவதற்கு இடமில்லை. முகப்பை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு இதை நாள் முழுவதும் நலம் என்றே குறித்துக்கொண்டிருக்கும். ஆகவே, பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கச் செய்வதும், சோதனைப் பதிவு ஒன்றை எழுதிப் படித்துப் பார்க்கும் தனி முகவரியை அமைத்து அதைக் கண்காணிப்பில் சேர்ப்பதும், டிஸ்க் எண்பது சதவீதம் நிரம்பியதுமே எச்சரிக்கச் சொல்வதும் தேவைப்படுகின்றன. இரவு வேலைகளுக்கு எதிர்த்திசை முறை பொருந்தும்: பேக்கப் முடிந்ததும் செயலியே கண்காணிப்புச் சேவைக்கு ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும்; குறித்த நேரத்தில் சமிக்ஞை வராமல் போவதே எச்சரிக்கை.

எச்சரிக்கை எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் பல ஏற்பாடுகள் வீணாகின்றன. ஒரே இடத்திலிருந்து பார்த்து முடிவு செய்யும் சேவை, வழியில் எங்கோ நேர்ந்த நொடிநேரத் தடையையும் கோளாறு என்று சொல்லி நள்ளிரவில் எழுப்பும்; இப்படிப் பொய்யாக நான்கு முறை எழுப்பப்பட்டவர் ஐந்தாவது முறை போனைத் திருப்பி வைத்துவிடுவார். இரண்டு மூன்று நகரங்களிலிருந்து சரிபார்த்த பிறகே அழைக்கும்படி அமைப்பதும், பத்து நிமிடத்துக்குள் முதல் ஆள் ஏற்காவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போகும்படி வைப்பதும் இதற்கு மாற்று. கோளாறு தம் கையில் இல்லாதபோதும் தகவலுக்கு மதிப்பு உண்டு. 2025 அக்டோபர் 20, தீபாவளி நாளின் நண்பகலில், அமேசானின் வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில் டிஎன்எஸ் பதிவுகளைத் தானே திருத்தும் மென்பொருளில் நேர்ந்த பிழையால் ஸ்னாப்சாட், கேன்வா உட்பட ஏராளமான சேவைகள் தடுமாறி, முழுவதும் சீராக ஏறக்குறைய 15 மணி நேரம் பிடித்தது. அத்தகைய வேளையில் சொந்த சர்வரை மூன்று முறை அணைத்துப் போட்டு இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க, நின்றது எது என்று பிரித்துச் சொல்லும் கண்காணிப்பு உதவும்.

இனி வரும் ஆண்டுகளில் இன்னொரு காரணம் பெருகக்கூடும். முகவரிப் பட்டையில் சில உலாவிகள் பூட்டுக் குறியால் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் உலாவிகள் சிவப்பு எச்சரிக்கையைக் காட்டி வாடிக்கையாளரைத் தடுத்து நிறுத்திவிடும். நெடுநாளாக 398 நாட்கள் வரை இருந்த இச்சான்றிதழ்களின் உச்ச ஆயுள், உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் 2025-இல் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று குறைகிறது. ஆண்டுக்கொரு முறை யாரோ நினைவு வைத்துக் கையால் புதுப்பிக்கும் வழக்கம் இதற்கு ஈடுகொடுக்காது. சான்றிதழைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி வாடகைக்குள் அடங்குமா என்று இப்போதே ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும். அது தவறினாலும் இரண்டு வாரம் முன்பே தெரிந்துவிடும்படி கண்காணிப்புச் சேவையில் சான்றிதழின் முடிவு நாளையும் டொமைனின் முடிவு நாளையும் சேர்த்துவைக்க வேண்டும்.